நாலையும் எடுக்கிறோம்

9 ஆகஸ்ட் 2019

ஆடி வெள்ளி. தாலுகா ஆபீசில் ஆளே இல்லை. எங்கள் ஆதார் மையத்தில் ஸ்கேனர் மக்கர் பண்ணியது. பக்கத்து மிஷின் ஹபீப் முகம்மது அண்ணன், "உங்க கார்டைக் கொடுங்க, சோதிச்சுப் பாப்போம்" என்றார். கொடுத்தேன். கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கார்டைப் பார்த்தார்.

"இது உங்க தங்கச்சி கார்டுல்ல? மாத்தி எடுத்துட்டு வந்துட்டீங்க."

கிண்டல் பண்ணியிருந்தால்கூடச் சிரித்திருப்பேன். மனுஷன் நிஜமாகவே சொன்னார்! 'வேம்பு, த/பெ இராஜாங்கம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. நானேதான் அண்ணே என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "படத்தைப் புதுப்பிச்சிடுங்களேன்" என்று மெதுவாகச் சொன்னார். மாட்டேன் என்றேன். எதற்குப் புதுப்பிக்க வேண்டும்? அதுதான் என் முகம். இப்போது கழுத்துக்கு மேலே இருப்பது கும்பகோணத்துப் பல் டாக்டர் செய்து கொடுத்தது.

அந்தப் படத்தில் எனக்குப் பதினெட்டு வயது. மேல் வரிசை கொஞ்சம் முன்னால் வந்திருக்கும், ஒரு தெத்துப்பல் உண்டு. உதடு நிறைந்து இருக்கும். சிரிக்காமலே சிரிக்கிற மாதிரி இருக்கும். பல் எடுப்பாக இருக்கிறது, கம்பி போட்டால் முகம் எடுப்பாகிவிடும் என்றார் அந்த டாக்டர். கம்பி போட இடம் வேண்டும் என்று நல்ல பல் நாலைப் பிடுங்கினார். சொத்தை இல்லை, வலி இல்லை, ஆட்டம் இல்லை. கம்பியைக் கழற்றிய நாளில் கண்ணாடி பார்த்தேன். பல் வரிசையாகத்தான் இருந்தது. உதடு உள்ளே போயிருந்தது. மூக்கு நீண்டு தெரிந்தது. வாயின் இரண்டு பக்கமும் கோடு விழுந்திருந்தது. இருபது வயதில்!

யாரிடம் போய்ச் சொல்வது? பல்லைப் பார்த்து எல்லாரும் அழகாக இருக்கிறது என்கிறார்கள். முகத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை.

11 ஆகஸ்ட்

அம்மா தங்கச்சி செவ்வந்தியையும் அதே டாக்டரிடம் காட்டிவிட்டு வந்திருக்கிறாள். எனக்குத் தெரியாமல். அவர் அதையேதான் சொல்லியிருக்கிறார். நாலு எடுக்கணும்.

செவ்வந்திக்குப் பதினாறு வயது. என் பழைய வாய் அப்படியே அவளிடம் இருக்கிறது. கார்டைப் பார்த்து ஹபீப் அண்ணன் ஏமாந்ததில் தப்பே இல்லை.

விடமாட்டேன். இந்த ஒன்றை மட்டும் விடமாட்டேன்.

12 ஆகஸ்ட்

அம்மாவிடம் சண்டை. ஏன்மா இப்படிப் பண்றே என்று கேட்டதற்கு, "நாளைக்கு ஒரு நல்ல இடத்துல குடுக்கவேணாமா?" என்றாள். "எனக்குப் பண்ணீங்களே, எத்தனை இடம் வந்துச்சு?" என்று கேட்டேன். வந்த இரண்டு பேரும் பெண் கொஞ்சம் சோர்ந்து தெரிகிறாள், உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டுவிட்டுப் போனவர்கள்.

அம்மா மாவைப் போட்டு அடி அடியென்று அடித்துப் பிசைந்தாள். பிறகு, "உனக்கு அப்பவே வாய் நீளம். பல்லெடுத்தும் குறையல" என்றாள்.

எல்லாருக்கும் இடம்தான் வேண்டும். டாக்டருக்கு வாயில் இடம். அம்மாவுக்கு நல்ல இடம். ரோடு போடுகிறவர்களுக்கு எங்கள் வயலில் இடம்.

15 ஆகஸ்ட்

கிராம சபைக் கூட்டம். புறவழிச்சாலைக்கு எங்கள் ஊரில் நிலம் எடுக்கப் போகிறார்கள். அப்பாவுக்கு இருப்பது நாலு துண்டு. கூலிக்கு நாற்று நட்ட தாத்தா பண்ணை வீட்டோடு கோர்ட்டு வரை போய் நின்று பெற்ற நிலம். நாலு துண்டையும் சாலை குறுக்கே வெட்டுகிறது.

அப்பா எழுந்து பேசினார். அப்பா பேர் இராஜாங்கம், சண்டையும் இராஜாங்கத்தோடு என்று ஊரில் சிரிப்பார்கள். இன்று ஒருத்தரும் சிரிக்கவில்லை. "எடுக்கறதா இருந்தா முதல்ல நோட்டீஸ் குடு. எதுக்கு, எவ்வளவுன்னு சொல்லு. எங்க ஆட்சேபணையக் கேளு. விசாரணை வை. வேற வழியில போக முடியாதான்னு பாரு. இதெல்லாம் பண்ணாம கடப்பாரையத் தூக்கிட்டு வந்தா, அது எடுக்கறது இல்ல, புடுங்கறது!" என்றார். கைதட்டல். வந்திருந்த அதிகாரி கையில் இருந்த குடிநீர் பாட்டிலைத் திறந்து திறந்து மூடினார்.

நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தபோதுதான் சுருக்கென்றது. எனக்கு எவன் நோட்டீஸ் கொடுத்தான்?

17 ஆகஸ்ட்

மேட்டூர் திறந்து நாலு நாள் ஆகிறது. வாய்க்காலில் இன்னும் ஈரம் இல்லை. அம்மாவோடு பேச்சும் இல்லை.

24 ஆகஸ்ட்

லீவு போட்டுவிட்டுக் கும்பகோணம் போனேன். டாக்டருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அவருக்குமா! பேரைச் சொன்னதும் வாயைத் திறக்கச் சொன்னார். பார்த்துவிட்டு, "அருமையா செட் ஆயிருக்கே. ஒரு பல்லுகூட நகரலையே" என்றார். தான் கட்டின வீட்டை வந்து பார்க்கிற மேஸ்திரி மாதிரி ஒரு சந்தோஷம்.

முகத்தைப் பாருங்க டாக்டர் என்றேன்.

"முகத்துக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு?"

உதடு உள்ளே போய்விட்டது, கன்னம் ஒட்டிவிட்டது என்றேன். வயது ஆகுதுல்லம்மா என்றார். எனக்கு இருபத்தைந்து. உள்ளே போகும் என்று எனக்கு ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் பேனாவை மூடிவிட்டு ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்: "உங்க அப்பா கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரேம்மா. அதுல எல்லாம் இருந்துச்சே."

எனக்கு அப்போது பதினெட்டு முடிந்திருந்தது! ஓட்டுப் போடலாம். என் வாய்க்குக் கையெழுத்துப் போட மட்டும் அப்பா வேண்டும், இல்லையா?

பழைய எக்ஸ்ரேயைக் கேட்டேன். கிளினிக் இடம் மாறியபோது எங்கோ போய்விட்டதாம்.

பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். மிச்சம் இருக்கிற பல்லை.

25 ஆகஸ்ட்

அப்பாவிடம் கேட்டேவிட்டேன். வாய்க்கால் மதகில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் வந்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தார். அந்த நேரம் பார்த்துக் கேட்டிருக்க வேண்டாம்தான். ஆனால் எந்த நேரம் நல்ல நேரம்?

"கும்பகோணத்துல அன்னிக்கு என்ன பேப்பர்ல கையெழுத்துப் போட்டீங்கப்பா?"

"எந்தப் பேப்பர்?"

"என் பல்லு எடுத்தப்போ."

யோசித்தார். "இங்கிலீசுல இருந்துச்சு. அந்த நர்ஸ் பொண்ணு இங்க போடுங்கன்னுச்சு, போட்டேன்."

"படிச்சுப் பாக்கலையா? யாரையாச்சும் படிக்கச் சொல்லிக் கேட்டீங்களா?"

"டாக்டரு படிச்சவரும்மா. அவருக்குத் தெரியாததா."

எனக்கு வந்த கோபத்தில் வாய் குழறிவிட்டது. தாசில்தார் படிக்காதவரா? அவர் பேப்பரைக் கொண்டாந்தா மட்டும் நாலு வக்கீலைக் கேக்கறீங்க. ஒரு செண்டு மண்ணுக்கு நோட்டீஸ் வேணும், விசாரணை வேணும், வேற வழியப் பாக்கணும். எம் மூஞ்சி புறம்போக்கா? கேக்க ஆளில்லாத இடமா? கத்திவிட்டேன். நாற்றங்காலில் நின்ற பெண்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அப்பா கழுவின காலையே திரும்பவும் கழுவினார். செவ்வந்திக்கு வேணாம்ப்பா என்றேன். "அம்மாட்ட பேசறேன்" என்றார். அவர் பேசப் போவதில்லை. எனக்குத் தெரியும்.

2 செப்டம்பர்

பேசவில்லை.

12 செப்டம்பர்

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

நேற்று மத்தியானம் அப்பா வயலில் டிராக்டர் பக்கத்தில் நின்றிருக்கிறார். சேற்றுழவு, காது அடைக்கிற சத்தம். போன் வந்திருக்கிறது. ஒரு பெண் குரல். அவர் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நாலையும் எடுத்துடலாம்னு சார் சொல்லிட்டாங்க. நீங்க வந்து கையெழுத்துப் போட்டாப் போதும்."

நாலையும்! அப்பாவுக்கு வேறு என்ன தோன்றும்? நாலு துண்டு நிலம். சார் என்றால் நிலம் எடுக்கிற தாசில்தார். கையெழுத்து. அவர் டிராக்டரை நிறுத்தச் சொன்னவர்தான், பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கச் செய்தி. "நோட்டீஸ் இல்லாம நாளைக்கே எடுக்கறானுங்களாம்!"

இன்று காலை வரப்பெல்லாம் ஆள். நாற்பது பேராவது இருப்பார்கள். கிழிந்த குடைத் துணியில் கறுப்புக் கொடி. டீக்கடை குஞ்சிதபாதம் ஒரு அண்டா டீயோடு வந்துவிட்டார். வலங்கைமானிலிருந்து ஒரு போலீஸ்காரர் வந்து ஓரமாக நின்று அதே டீயைக் குடித்தார். அம்மா, செவ்வந்தி, நான் எல்லாரும் அப்பா பக்கத்தில். பத்து ஆனது. பத்தரை ஆனது. ஒரு ஜீப்பும் வரவில்லை.

அப்பாவின் போன் அடித்தது. எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், டாக்டர் வெயிட் பண்றாங்க. இன்னும் வரலையே நீங்க?"

அப்பாவுக்கு டாக்டர் என்பது காதில் ஏறவேயில்லை. நெஞ்சை நிமிர்த்திக் கத்தினார். "வரமாட்டோம்! கையெழுத்தும் போடமாட்டோம்! ஒரு புடி மண்ணு எடுக்க விடமாட்டோம்னு உங்க சார்ட்ட சொல்லு!"

நாற்பது பேரும், "விடமாட்டோம்!" என்றார்கள்.

 அந்தப் பெண் பயந்துபோய்க் கேட்டாள்: "மண்ணா? பல்லு சார். செவ்வந்திங்கற பொண்ணுக்கு நாலு பல்லு."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. போலீஸ்காரராக இருக்கலாம். குஞ்சிதபாதம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏன் இராஜாங்கம், அடுத்த மறியல் கடவாப் பல்லுக்கா?" என்றார். கறுப்புக் கொடியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். செவ்வந்தி இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

13 செப்டம்பர்

அப்பா காலையில் சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றில் கை வைக்கவில்லை. "நாலையும் எடுக்கறோம்ன ஒரு வார்த்தைக்கு ஊரையே கூட்டிட்டேன்" என்றார். அம்மா, "விடுங்க, ரெண்டு நாள் சிரிப்பாங்க" என்றாள்.

"சிரிக்கட்டும். அதுக்குச் சொல்லல. உனக்கு எடுத்தப்போ நான் ஒருத்தரையும் கூட்டலையே வேம்பு. வாசல்ல உக்காந்து முறுக்குத் தின்னுக்கிட்டு இருந்தேன்."

நான் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டேன். எத்தனை வருஷமாக இந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன்! வந்ததும் கழுவின தட்டையே திரும்பத் திரும்பத் தேய்த்தேன்.

அம்மாவும் பின்னாலேயே வந்தாள். "வேற டாக்டரப் பாக்கலாம். பாக்கறதுல என்ன போச்சு" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

21 செப்டம்பர்

தஞ்சாவூர். டாக்டர் கமருன்னிஸா. அதிராம்பட்டினத்துக்காரர், ஹபீப் அண்ணன் சொல்லி அனுப்பினார். அப்பா, செவ்வந்தி, நான்.

நான் தயாராகப் போனேன். என் பழைய போட்டோக்களை எல்லாம் எடுத்துப் போய் மேசையில் பரப்பினேன். பல் எடுப்பது அக்கிரமம் என்று அவர் வாயாலேயே வரவேண்டும் என்று நினைத்தேன். அவர் ஒவ்வொரு படமாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"எடுக்கவே கூடாதுன்னு நான் சொல்லமாட்டேன்மா. சில வாய்க்கு எடுத்தாத்தான் நல்லாருக்கும். சில வாய்க்கு எடுத்தா உதடு உள்ள போயிடும். எல்லாருக்கும் ஒரே அளவுச் சட்டை தைக்க முடியாதுல்ல?"

"எனக்கு?"

"முன்னாடி எடுத்த எக்ஸ்ரே இல்லாம அடிச்சுச் சொல்ல முடியாது. நீங்க இளைச்சும் இருக்கீங்க, அதுவும் சேரும்."

எரிச்சலாக வந்தது. ஒரு டாக்டராவது ஆமாம், தப்புதான் என்று சொல்லக்கூடாதா? அவர் படங்களை அடுக்கி என்னிடம் கொடுத்தார். "ஆனா ஒண்ணு. உதடு உள்ள போகலாம்னு உங்ககிட்ட, உங்க முகத்தைப் பாத்து, முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லாம எடுத்தது தப்பு. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு டாக்டர் செவ்வந்தியைப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார். கீழ் வரிசை பரவாயில்லை, தொட வேண்டாம். மேலே இரண்டு மட்டும் எடுக்கலாம். அல்லது எடுக்காமலே கம்பி போடலாம், ஆனால் பல் கொஞ்சம் முன்னால்தான் நிற்கும். எடுக்காமலே, எடுக்காமலே என்று நான் முந்திக்கொண்டேன். டாக்டர் என்னைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். "உனக்கு என்னம்மா வேணும்?" என்று செவ்வந்தியிடம் கேட்டார்.

செவ்வந்தி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். "எனக்கு வாயை மூடணும் டாக்டர். தூங்கி எந்திரிச்சா தொண்டை காஞ்சு போயிருக்கு. உதடு ஒட்டவே மாட்டேங்குது. பல்லை உள்ள தள்ளணும். ஆனா... அக்கா மாதிரி ஆக வேணாம்."

அக்கா மாதிரி ஆக வேணாம்.

22 செப்டம்பர்

அவளோடு பேசவில்லை. யாருக்காக நான் சண்டை போட்டேன்? அவளுக்காகத்தானே? முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள்! ஊரார் சொன்னால் தாங்கலாம். இவள்!

24 செப்டம்பர்

நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவள் சொன்னாள். இந்த வீட்டில் எத்தனை வருஷமாக என் முகத்தை நானே திட்டிக்கொண்டு திரிகிறேன்! கேட்டுக்கொண்டே வளர்ந்தவள் வேறு எப்படிச் சொல்வாள்?

இன்னொன்றும் இருக்கிறது. எழுதவே பிடிக்கவில்லை. வாய் மூட முடியவில்லை, தொண்டை காய்கிறது என்பது எனக்குத் தெரியவே தெரியாது. ஒரே அறையில் படுக்கிறோம். எடுக்கக் கூடாது, எடுக்கக் கூடாது என்று நான் கத்தினேனே தவிர, உனக்கு என்ன வேணும்டி என்று ஒரு தடவை கேட்டேனா? கும்பகோணத்து டாக்டரை மட்டும் திட்டி என்ன பிரயோசனம்.

இப்போது போய்க் கேட்டேன். அரைப் பரீட்சை முடியட்டும், யோசித்துச் சொல்கிறேன் என்றாள். பெரிய மனுஷி.

18 நவம்பர்

நில அளவைக்காரர்கள் வந்து நாலாவது துண்டில் கல் நட்டுவிட்டுப் போனார்கள். அப்பா வீட்டில் இல்லாத நேரம் பார்த்து. நோட்டீஸ் அடுத்த வாரம் வருமாம். முதலில் கல், பிறகு நோட்டீஸ்! அப்பா ஆட்சேபணை எழுதிக் கொடுத்திருக்கிறார். திருவாரூர் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடக்கிறார்.

27 டிசம்பர்

செவ்வந்தி முடிவு பண்ணிவிட்டாள். மேலே இரண்டு. "எனக்குத் தெரிஞ்சுதான்க்கா எடுத்துக்கறேன்" என்றாள். வேணாம்டி என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

தஞ்சாவூரில் கையெழுத்துப் பேப்பரை நீட்டினார்கள். தமிழில்தான் இருந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்தார். உதட்டின் தோற்றம் மாறக்கூடும் என்ற வரியில் நிறுத்தி, "எவ்வளவு மாறும்?" என்று கேட்டார். டாக்டர் படம் வரைந்து காட்டினார். வரிசையில் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அப்பா கவலைப்படவில்லை. கடைசி வரி வரை படித்துவிட்டுப் பேப்பரை முதலில் செவ்வந்தியிடம் கொடுத்தார். "நீ போடு. அதுக்குக் கீழ நான் போடறேன்."

இந்தக் கிறுக்கு ஏழு வருஷத்துக்கு முன்னால் பிடித்திருக்கக் கூடாதா இந்த மனுஷனுக்கு!

முடிந்ததும் பஞ்சை அதக்கிக்கொண்டு செவ்வந்தி சைகையில் எதையோ கேட்டாள். டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பல்லைக் கேட்டாள். அவளுடையது, அவளே கொண்டு போவாள். காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள்.

என்னுடைய நாலும் எங்கே போயின? கேட்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லையே அன்று. கும்பகோணத்தில் ஏதோ ஒரு குப்பை வாளியில் போயிருக்கும். நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது. வரட்டும். இது வருவதுதான் நியாயம்.

28 டிசம்பர்

பால் பல் விழுந்தால் சாணி உருண்டையில் வைத்துக் கூரை மேல் எறிவோம். இது பால் பல் இல்லை, என்ன செய்வது என்று அம்மா கேட்டாள். அப்பா வாங்கிக்கொண்டு வயலுக்குப் போனார். நாலாவது துண்டில், அவர்கள் நட்ட கல்லுக்கு அடியில் குழி பறித்துப் புதைத்தார். கதிர் பழுக்க ஆரம்பித்திருக்கிறது.

"கல்லைத் தாண்டி வரட்டும். எம் பொண்ணு பல்லு இங்க இருக்கு, பாத்து வாங்கன்னு சொல்றேன்" என்றார். செவ்வந்தி வீங்கின கன்னத்தோடு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

10 ஜனவரி 2020

செவ்வந்தி எங்கள் மையத்துக்கு வந்தாள். பதினைந்து வயது தாண்டினால் ஆதாரில் படம் புதுப்பிக்க வேண்டும். ஒரு வருஷமாகச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். புதுக் கம்பி பளபளக்க உட்கார்ந்தாள். ஹபீப் அண்ணன் பழக்கதோஷத்தில், "வாயை மூடும்மா" என்றார். அவளும் முக்கி முக்கிப் பார்த்தாள், உதடு ஒட்டவில்லை. இன்னும் மாதக்கணக்கு ஆகும். அப்படியே எடுங்கண்ணே என்றேன். எடுத்தார்.

எழுந்தவள் போகவில்லை. நாற்காலியைத் தட்டி, "இப்ப நீ உக்காருக்கா" என்றாள். வேண்டாம் என்றேன். அவள் ஹபீப் அண்ணனிடமிருந்து மௌஸை வாங்கி வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே ஆள் காத்திருக்கிறார்கள் என்றேன். நிற்கட்டும் என்றாள்.

உட்கார்ந்தேன். திரையில் என் முகம் வந்தது. உள்ளே போன உதடு, இரண்டு பக்கமும் கோடு. பார்த்துக்கொண்டே இருந்தேன். செவ்வந்தி அவசரப்படவில்லை.

"எடுக்கட்டுமாக்கா?" என்று கேட்டாள்.

என்னைக் கேட்டுவிட்டு எடுப்பது இதுதான் முதல் தடவை.

"எடு" என்றேன்.